பீடத்தைப் படிப்பது

வரலாற்றுப் பாடத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே எல்லோரும் தலையாட்டுவோம். பாடப்புத்தகம் சலிப்பு, தேதிகள் மனப்பாடம், பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாம் மறதி. ஆகவே பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போ, பூங்காவிலோ கடற்கரையிலோ நிற்கிற சிலையைக் காட்டு, அவருடைய கதையைச் சொல். நல்ல யோசனைதான். சில வருடங்களாக நானும் அதைத்தான் செய்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பசங்க இருபது முப்பது பேர், சென்னையில் ஏதாவது ஒரு சிலையின் முன்னால்.

ஆனால் இந்த வேலையைச் செய்யச் செய்ய ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே வருகிறது. சிலை என்பது வரலாற்றைச் சொல்வதற்காகச் செய்யப்பட்ட பொருளே இல்லை. வரலாற்றைப் பற்றிய பேச்சு போதும் என்று முடிவுகட்டிய பிறகு வைக்கப்படுகிற பொருள் அது. ஒரு ஆளை எட்டடி உயரப் பீடத்தில் ஏற்றியாகிவிட்டது என்றால், அவரைப் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கீழே நிற்கிறவன் அண்ணாந்து பார்த்தாக வேண்டும். கழுத்தை அந்தக் கோணத்தில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது பெரியவர்களுக்கே கஷ்டம். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு?

அண்ணாந்து பார்க்க வைப்பதற்காகச் செய்யப்பட்ட ஒன்றைக் கொண்டு கேள்வி கேட்கக் கற்றுத்தர முடியுமா, அது நேர்மையா என்பது ஒரு கேள்வி. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது. வரலாறு நிஜமாகவே உயிர்பெற்று எழுந்துவிட்டால், அந்த உயிர் யாரை முதலில் கடிக்கும்? கூட்டிக்கொண்டு போன என்னையா, கூட வந்த பிள்ளைகளில் ஒருவரையா?

1

முதலில் சுலபமான சிலை. தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநர். ரயத்துவாரி வரிமுறையோடு சேர்த்துப் பாடப்புத்தகத்தில் பெயர் வரும். 1827இல் காலராவில் இறந்தார். லண்டன் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி செய்த இந்த வெண்கலச் சிலை 1839இல் இங்கே நிறுவப்பட்டது.

இந்தக் குதிரையில் சேணமும் இல்லை, கால் வைக்கிற அங்கவடியும் இல்லை. அதனால் ஊரில் ஒரு கதை உண்டு. சிற்பி மறந்துவிட்டார், பிறகு யாரோ சுட்டிக்காட்டியதும் அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்று. பசங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் எவனாவது ஒருவன் சொல்லிவிடுவான், "எங்க தாத்தா சொன்னாரு சார்."

அப்போது ஒரு தகவல் மட்டும் கொடுப்பேன். லண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலை இருக்கிறது. அதுவும் சாண்ட்ரி செய்ததுதான். அதிலும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. இப்போ சொல்லுங்க, மறந்துட்டாரா?

கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு ஒருத்தி மெதுவாக, "ரெண்டு தடவை மறப்பாரா சார்?" என்பாள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. பழைய ரோமானியச் சிலைகளை மனதில் வைத்து வேண்டுமென்றே அப்படிச் செய்த பாணி அது என்பதை அதன்பிறகு நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு கதையை இன்னொரு சான்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

சிலையால் வரலாறு கற்பிக்க முடியும் என்ற என் நம்பிக்கை இங்கேதான் நிற்கிறது. யாருடைய சிலை என்று கேட்டு, அவருடைய பெருமைகளை ஒப்பிப்பது ஒரு வழி. அதைப் புத்தகமே செய்துவிடும். செய்தது யார், காசு போட்டது யார், எப்போது வைத்தார்கள், இங்கே வைத்தது ஏன், இதைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று கேட்பது இன்னொரு வழி. முதல் வழியில் கழுத்து அண்ணாந்தே இருக்கும். இரண்டாவதில் கண் பீடத்துக்கு இறங்கும், சிலையைச் சுற்றி ஒரு சுற்று வரும்.

பீடத்தைப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது என்பதற்கு நான் காட்டுகிற உதாரணம் கார்ன்வாலிஸ் சிலை. இப்போது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி செய்தது. மேலே கவர்னர் ஜெனரல் கம்பீரமாக நிற்கிறார். கீழே பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம். 1792இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தபோது திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பணயமாக ஒப்படைத்த காட்சி. சின்னப் பையன்கள். தோற்றுப்போன அப்பா கொடுக்க வேண்டிய பணத்துக்கும் நிலத்துக்கும் பிள்ளைகள் ஜாமீன். இதை வென்றவர்கள் தங்கள் பெருமையாகச் செதுக்கி வைத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மேலே இருப்பவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் பசங்களுக்கு ஏறாது. கீழே இருக்கிற அந்த இரண்டு பையன்களைப் பார்த்ததும் கேள்விகள் கொட்டும். திரும்பிப் போனாங்களா சார்? அவங்க அம்மா விட்டாங்களா? யார் சார் சாப்பாடு போட்டாங்க? அந்தப் பையன்கள் 1794இல் மைசூருக்குத் திரும்பினார்கள் என்று சொன்னால் அவர்கள் முகத்தில் வருகிற நிம்மதி பொய்யில்லை. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒருவருக்காகப் பதைப்பதும் வரலாற்றுப் படிப்பின் ஒரு பகுதிதான்.

2

இனி கஷ்டமான சிலை. ஜேம்ஸ் நீல்.

அண்ணா சாலை மவுண்ட் ரோடாக இருந்த காலத்தில், ஸ்பென்சர் கடைக்கு எதிரே நின்ற சிலை. சென்னைப் படையணியின் அதிகாரி. 1857 கிளர்ச்சியை அடக்க வடக்கே அனுப்பப்பட்டவர். காசியிலும் அலகாபாத்திலும் அவர் நடத்திய தூக்குகளுக்கும் ஊர் எரிப்புகளுக்கும் கணக்கு வழக்கு இல்லை. கான்பூரில் பிபிகர் வீட்டில் பிரிட்டிஷ் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். பிடிபட்டவர்களைத் தூக்கிலிடும் முன்பு அங்கே தரையில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சாட்டையடியின் கீழ் சுத்தம் செய்யவைத்தார் நீல். அவர்களுடைய மத நம்பிக்கையை மிதிப்பதற்காகவே செய்யப்பட்ட தண்டனை அது. அந்த செப்டம்பரிலேயே லக்னோவில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வீரரின் நினைவாக இங்கே சிலை எழுந்தது.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? சொல்கிறேன், முழுதாகச் சொல்கிறேன். பிபிகரில் செத்துப்போன குழந்தைகளையும் சேர்த்துத்தான். அதை மறைத்துவிட்டு நீலை மட்டும் ராட்சசனாகக் காட்டினால், அவரைப் பீடத்தில் ஏற்றியவர்கள் செய்ததையே நான் தலைகீழாகச் செய்கிறேன் என்று ஆகும்.

ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் ஒருமுறை நியாயமாகத்தான் கேட்டான். "அவங்க குழந்தைகளைக் கொன்னாங்க, அதுக்கு இவரு பழி வாங்கினாரு. அப்போ ரெண்டு பக்கமும் தப்புதானே சார்?" நான் பலகையில் இரண்டு மாதங்களை மட்டும் எழுதினேன். அலகாபாத் தூக்குகள், ஜூன் 1857. பிபிகர் கொலை, ஜூலை 1857. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ முன்னாடியே பழி வாங்கிட்டாரா?" என்றான். கான்பூருக்கான பழிவாங்கல் என்று நீலுக்காகச் சொல்லப்படும் வாதத்தின் பெரும் பகுதி அந்த இரண்டு தேதிகளின் முன்னால் நிற்க முடியாது. தேதிகளை மனப்பாடம் செய்வது சலிப்பு என்று முதலில் சொன்னேன் அல்லவா, தேதி எதற்கு என்று தெரிந்துவிட்டால் அந்தச் சலிப்பு போய்விடும்.

நீல் சிலையின் கதை நீலின் கதையைவிடப் பெரியது. 1927இல் அந்தச் சிலையை அகற்றக் கோரி சத்தியாகிரகம் நடந்தது. திருநெல்வேலி சோமையாஜுலு முன்னின்றார். தொண்டர்கள் சுத்தியலோடு வந்து சிலையை அடித்து, கைதாகி, சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சின்னப் பெண் அம்மாக்கண்ணுவோடு வந்து கலந்துகொண்டார். அந்தச் சிறுமிக்குப் பிற்பாடு காந்தி லீலாவதி என்று பெயர் வைத்தார், வார்தா ஆசிரமத்துக்கும் அழைத்துப்போனார். போராட்டத்தின் நோக்கத்தை ஏற்றுக்கொண்ட காந்தி, அது அகிம்சை வழியில்தான் நடக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். சிலை உடனே போகவில்லை. பத்து வருடம் கழித்து, 1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்த பிறகுதான் அகன்றது. இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும் என்று ஒரு வாதம் உலகம் முழுக்க அடிபடுகிறது. நீலை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் ஏர் நகரத்தில் இதே மாத்யூ நோபிள் செய்த இன்னொரு நீல் சிலை இன்னமும் ஒரு சதுக்கத்தில் நிற்கிறது. நின்றுகொண்டிருந்தாலே வரலாறு பத்திரமாக இருக்கும் என்றால், 1857 பற்றி அந்தச் சதுக்கத்தைக் கடந்து போகிற பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகளைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும். சிலை நிற்பதால் மட்டும் அப்படித் தெரிந்துவிடாது. சென்னையில் நீலை ஞாபகம் வைத்திருப்பவர்கள் அவரை எதிர்த்தவர்கள் மூலமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1927 இல்லாவிட்டால் அது மவுண்ட் ரோட்டில் காக்கை உட்கார்கிற இன்னொரு வெள்ளைக்காரர்.

ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்பதும் என் முடிவு இல்லை. மன்றோவை யாரும் எடுக்கச் சொல்லிப் போராடவில்லை. அவருடைய பெயரை ராயலசீமைப் பக்கம் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். அவரும் காலனி ஆட்சியாளர்தான். ஆள்கிறவர்களில் ஒருவரை ஊர் சகித்துக்கொள்கிறது, ஒருவரைச் சகித்துக்கொள்ள மறுக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளே தேடிப் பேசட்டும். ரெண்டு பேரும் வெள்ளைக்காரன் என்று முடிப்பதும் சோம்பேறித்தனம், ரெண்டு பேரும் வரலாறு என்று முடிப்பதும் சோம்பேறித்தனம்.

டெல்லியில் கொரனேஷன் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. இந்தியா கேட் பக்கத்து மண்டபத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1960களில் அகற்றிப் பிறகு அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். வேறு சில ஆட்சியாளர்களும் அங்கே நிற்கிறார்கள். பழைய மண்டபம் பல பத்தாண்டுகள் காலியாகக் கிடந்தது. 2022இல்தான் அங்கே நேதாஜி சிலை வந்தது. மாணவர்களுக்கு அந்தக் காலி மண்டபத்தின் படத்தையும் காட்டுவேன். யாரை வைப்பது என்று ஒரு நாடு இத்தனை வருடம் முடிவு செய்யாமல் இருந்ததும் ஒரு செய்தி.

3

மெரினாவுக்கு வருவோம். 1968 இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையில் பத்துச் சிலைகள் நிறுவப்பட்டன. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி.

இதில் யாருக்கெல்லாம் நிஜ முகம் தெரியும் என்று கேட்பேன். புகைப்படம் இருக்கிறவர்களைத் தனியாகப் பிரிப்பார்கள். வள்ளுவருக்கு வரும்போது தயங்குவார்கள். பஸ்ஸில், வகுப்பறையில், புத்தக அட்டையில் பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். அது போன நூற்றாண்டில் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா யோசித்து வரைந்த முகத்திலிருந்து பரவியது என்று சொன்னால் சிலர் கண்ணில் ஏமாற்றம் தெரியும். "அப்போ இது பொய்யா சார்?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வள்ளுவர் எப்படி இருந்தார் என்பதற்கு அந்தச் சிலை சாட்சி இல்லை. ஆனால் 1968இல் தமிழர்கள் தங்களை யாருடைய பிள்ளைகளாகப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு அது கெட்டியான சாட்சி. சிலை தன் காலத்தைப் பற்றித்தான் உண்மை பேசும், காட்டுகிற ஆளின் காலத்தைப் பற்றி இல்லை. பத்துப் பேரில் மூன்று ஐரோப்பியப் பாதிரிகள் எப்படி வந்தார்கள்? மொழிக்கு உழைத்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் நம்மவன் என்று அன்றைய அரசு சொல்ல நினைத்ததா? பெண்கள் இரண்டே பேர். ஒருவர் காப்பியத்தின் நாயகி. இன்னொருவர் ஔவை என்ற பெயரில் வாழ்ந்த பல புலவர்களும் சேர்ந்த ஓர் உருவம். ரத்தமும் சதையுமாக வாழ்ந்த, பெயரும் தேதியும் தெரிந்த ஒரு பெண்கூடவா கிடைக்கவில்லை? இதை நான் கேட்பதில்லை. எப்போதும் ஏதாவது ஒரு பெண்பிள்ளை கேட்டுவிடுகிறாள்.

கண்ணகி 2001 டிசம்பரில் அங்கிருந்து அகற்றப்பட்டதையும், 2006 ஜூனில் திரும்ப வந்ததையும் இன்றைய ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்கள் பிறப்பதற்கு முந்தைய கதை. நாலரை வருடம் ஒரு காப்பியப் பாத்திரம் கடற்கரையில் இல்லை என்பது அரசியல் பிரச்சினையாக இருந்த ஊர் நம்முடையது. இது கேலிக்குரியதா பெருமைக்குரியதா என்று அவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் பேச விட்டால் சாயங்காலம் ஆகிவிடும்.

அங்கிருந்து நடந்தால் உழைப்பாளர் சிலை. 1959. நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவர். மெரினாவின் காந்தி சிலையும் அவருடையதுதான். சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இந்த நகரத்தின் கடற்கரையில்தான். இந்த நாலு பேருக்குப் பெயர் இல்லை. தளபதிக்கும் மன்னனுக்கும் புலவனுக்கும் பெயர் உண்டு, பாறையைத் தள்ளுகிறவனுக்குக் கிடையாது. அது உழைக்கிறவர்கள் எல்லோருக்குமான மரியாதையா, இல்லை உழைக்கிறவர்கள் என்றால் தனித்தனி ஆட்கள் இல்லை என்ற பழைய நினைப்பின் மிச்சமா? எனக்கே இதில் முடிவு இல்லை. பசங்க பெரும்பாலும் முதல் பக்கம் சாய்கிறார்கள். அப்பா லோடு ஏற்றுகிற வேலை செய்கிற ஒரு பையன் மட்டும், "பேரு போட்டிருந்தா நல்லாருக்கும் சார்" என்றான்.

இதே சௌத்ரிதான் பாட்னாவில் தலைமைச் செயலகத்தின் முன்னால் நிற்கிற தியாகிகள் நினைவுச் சின்னத்தையும் செய்தார். 1942 ஆகஸ்ட் 11 அன்று செயலகத்தில் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்டு இறந்த ஏழு மாணவர்கள். சிலரெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்குப் பெயர் உண்டு. மாணவர்களுக்கு நான் காட்டுகிற படங்களில் அதிக நேரம் பார்க்கப்படுவது அதுதான். தங்கள் வயதில் ஒருவர் பீடத்தில் நிற்பதை அவர்கள் அநேகமாக முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.

4

இவ்வளவு தூரம் எல்லாம் சுகமாகத்தான் போகும். ஒரு சனிக்கிழமை, உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பையன் கேட்டான். "சார், இங்க இருக்கிற சிலை எதுக்கும் கூண்டு இல்லையே. எங்க ஊர்ல அம்பேத்கர் கூண்டுக்குள்ளதான் இருக்காரு. ஏன் சார்?"

அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த இடம் அடங்கிவிட்டது. அதை நான் கவனித்தேன், அவனும் கவனித்தான்.

தமிழ்நாட்டில் பயணம் செய்கிற யாருக்கும் அந்தக் காட்சி புதிதில்லை. ஊர் முனையில் நீலக் கோட்டு, கையில் சட்டப் புத்தகம், சுற்றிலும் இரும்புக் கம்பி, ஒரு பூட்டு. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் திறந்து மாலை போடுவார்கள். தென் மாவட்டங்களில் வேறு தலைவர்களின் சிலைகளுக்கும் கூண்டு உண்டு. சிலையை யாராவது சேதப்படுத்தினால் ஊர் பற்றி எரியும், அதைத் தடுக்க இது என்பது அதிகாரிகள் சொல்கிற காரணம். அந்தக் காரணம் பொய்யும் இல்லை. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் அம்பேத்கர் சிலை உடைக்கப்பட்டது. அரசு அவசர அவசரமாகப் புதுச் சிலையைக் கொண்டுவந்து வைத்தது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது மூண்ட கலவரத்தால், கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்து தலைவர்கள் பெயரையே எடுக்க வேண்டியதாயிற்று. யாருடைய பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று ஒருவர் சொன்னார் என்பதும் வரலாறுதான்.

மெரினாவின் எந்தச் சிலையைவிடவும் அந்தக் கூண்டு அதிக வரலாறு சொல்கிறது. அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர், அதே சட்டத்தால் ஆளப்படுகிற ஊரில், கம்பிக்குள் நிற்கிறார். 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கூண்டு தெருமுனையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பிள்ளை தினமும் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்றைப் பற்றி மட்டும் பரீட்சை வைக்கிறார்கள்.

அன்று நான் பதில் சொன்னேன். தெரிந்ததை, மேலே எழுதியதை, இதைவிட எளிமையாக. யார் உடைப்பார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். சாதி என்ற சொல்லை முழுங்காமல் சொன்னேன். அதற்குமேல் யாரும் அன்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் பள்ளியின் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். கோபமெல்லாம் இல்லை, டீ கொடுத்துத்தான் பேசினார். "சார், சிலையைக் காட்டுங்க. பேர், பிறந்த ஊர், என்ன செஞ்சாரு, எல்லாம் சொல்லுங்க. இந்த மாதிரி விஷயம் வேணாம். நீங்க பேசிட்டு உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. இவங்க ஒரே விடுதியில, ஒரே மெஸ்ஸுல, ஒரே பஸ்ஸுல இருக்கணும். அந்தப் பையன் பேரு இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

அவரைக் கோழை என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு லாபம். படிக்கிற உங்களுக்கும் யார் பக்கம் நிற்பது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினால் சட்டென்று கிடைப்பதில்லை. ஒரு கதவைத் திறந்துவிட்டுப் போகிறவனுக்கும் அந்த வீட்டிலேயே இருக்கிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வரலாற்றுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று கிளம்புகிற என்னைப் போன்றவர்கள் எல்லோரும் சனிக்கிழமை ஆட்கள். திங்கட்கிழமை என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அவருடைய வாதத்தில் எனக்கு ஒரே ஒரு இடம் ஒட்டவில்லை. பேசினதால்தான் பையனைப் பற்றித் தெரிந்துவிட்டது என்கிறார். ஒரே விடுதியில், ஒரே மெஸ்ஸில் இருக்கிற பசங்களுக்கு அதற்கு முன்னால் தெரியாதா? தெரியும். அந்தச் சட்டென்ற அமைதியே அதற்குச் சாட்சி. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான் புதிது. பேசாமல் இருந்திருந்தால் அவர்கள் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. இந்த விஷயத்தில் பெரியவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதைக் கற்றிருப்பார்கள். கேட்ட பையன், கேட்டிருக்கக் கூடாது என்று கற்றிருப்பான். மௌனமும் பாடம்தான், அதற்குப் பாடத்திட்டம் தேவையில்லை.

ஆகவே பேச வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படிப் பேசுவது என்பதில்தான் தலைமையாசிரியரின் கவலைக்குப் பதில் வைக்க வேண்டியிருக்கிறது. இப்போது சில விஷயங்களை உறுதியாக வைத்திருக்கிறேன்.

எந்தப் பிள்ளையையும் தன் ஊருக்கோ சமூகத்துக்கோ சாட்சியாக நிறுத்துவதில்லை. "உன் ஊர்ல எப்படி, நீயே சொல்லு" என்று கேட்பதில்லை. கேட்கிற உரிமை அவர்களுக்கு, சொல்கிற பொறுப்பு எனக்கு. கூண்டைப் பற்றிய கேள்வி யாரிடமிருந்தாவது வரட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. அப்படிக் காத்திருந்தால் எப்போதும் வலி இருக்கிறவன்தான் கேட்க வேண்டியிருக்கும். மெரினாவுக்குக் கிளம்பும் முன்பே, கூண்டுச் சிலையின் படத்தையும் மற்றப் படங்களோடு வைத்து எல்லோருக்கும் காட்டிவிடுகிறேன். நீல் சிலைக்குக் கேட்ட அதே கேள்விகள்தான் இதற்கும். யார் வைத்தது, எப்போது, ஏன் இங்கே, கம்பி எப்போது வந்தது, சாவி யாரிடம்? கேள்வி ஆளைவிட்டுப் பொருளுக்கு நகரும்போது, எதிரெதிர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரே படத்தைக் குனிந்து பார்க்க முடிகிறது. பிறகு, விடுதிக் காப்பாளரிடமும் வகுப்பாசிரியரிடமும் என்ன பேசினோம் என்று அன்றே சொல்லிவிட்டு வருகிறேன். திங்கட்கிழமையில் எனக்குக் கிடைக்கிற பங்கு அவ்வளவுதான்.

இதையெல்லாம் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பார்த்துப் பண்ணுங்க" என்றார். நம் ஊரில் அதற்கு அனுமதி என்று அர்த்தம், ஏதாவது ஆனால் அது அனுமதி இல்லை என்றும் அர்த்தம்.

5

அண்ணாந்து பார்க்கச் செய்யப்பட்ட பொருளைக் கொண்டு கேள்வி கேட்கக் கற்றுத்தர முடியுமா? முடியும், சிலையை ஆளாகப் பார்க்காமல் ஒரு காரியமாகப் பார்த்தால். யாரோ சிலர் ஒரு நாள் காசு சேர்த்து, இடம் பிடித்து, செய்த காரியம். மனிதர் செய்த காரியத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. பாரதியை நேசிக்கிற பிள்ளை, பாரதி சிலை ஏன் 1968இல் வந்தது என்று கேட்டால் அந்த நேசம் குறைந்துவிடாது.

வரலாறு உயிர்பெற்றால் யாரைக் கடிக்கும் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்திருக்கிற பதில் அவ்வளவு ஆறுதலானது இல்லை. ஏற்கனவே கடிபட்டவரைத்தான் மறுபடி கடிக்கும், நாம் எதுவும் செய்யாவிட்டால். அந்தக் கடியை எல்லோருக்கும் பொதுவான அறிவாக மாற்றுவதுதான் ஆசிரியர் வேலை. அது ஒரு சனிக்கிழமையில் நடக்காது.

கடைசியாக ஒரு பயிற்சி. எல்லா நடையின் முடிவிலும் கொடுக்கிறேன். வேறு ஆசிரியர்கள் யாராவது படித்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிலையைத் தேர்ந்தெடு. அதன் பீடத்தில் இருக்கிற எழுத்தை மனதில் அழித்துவிடு. முப்பது சொல்லுக்குள் புதிதாக எழுது. இரண்டு நிபந்தனை. நீ எழுதுவது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். அந்தச் சிலையை நேசிக்கிறவர் ஒருவரும், அதனால் காயப்பட்டவர் ஒருவரும் அதைப் படித்து, இதில் பொய் இல்லை என்று சொல்ல வேண்டும்.

முப்பது சொல் ரொம்பக் கம்மி என்று எல்லோரும் புகார் சொல்வார்கள். பாதிப் பேருக்கு வீரர், தலைவர், மாமேதை என்ற சொற்களிலேயே இடம் தீர்ந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தேதியையோ ஊரையோ வைப்பார்கள். போன முறை அம்மாக்கண்ணுவைப் பற்றி எழுத வேண்டும், ஆனால் அவருக்கு இங்கே சிலை இல்லையே என்று இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். நீல் சிலையின் பீடத்திலேயே எழுதுங்கள் என்றேன். அவர்கள் தாள் இன்னும் வரவில்லை. முப்பது சொல்லுக்கு மேல் போகிறதாம், ஐந்து சொல் கூடுதலாகக் கேட்கிறார்கள்.